மின்கிட்டார் கூறும் காலக்கணக்கு

கோயில் ஒன்றன் காலத்தை அறிய விரும்புவோர் முதலில் கல்வெட்டைத் தேடுவர். கல்வெட்டு இல்லாவிடத்துத் தூணின் தலையிலுள்ள போதிகையை அண்ணாந்து நோக்குவர். பல்லவர் காலத்துப் போதிகை ஒரு வகை. சோழர் காலத்தது வேறொரு வகை. விசயநகர வேந்தர் காலத்தது பிறிதொரு வகை. பாண்டிச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய், தென்னிந்தியத் தொல்பொருளைப் பற்றி 1914-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இவ்வாறு உறுப்புகளின் வடிவைக் கொண்டு காலம் கணிக்கும் நெறியை விளக்கிக் காட்டினார். கல் பேசாவிடினும் உளிபட்ட வடிவு பேசும் என்பதே அந்நெறியின் உட்பொருள்.

இந்நெறி ஆயிரம் ஆண்டுப் பழமைக்கு மட்டுமே உரியது என்று எண்ணற்க. எழுபது ஆண்டுகளுக்கு முன் தொழிற்சாலையிற் செய்யப்பட்ட ஓர் இசைக்கருவிக்கும் அது பொருந்தும். அக்கருவியே மின்கிட்டார். நம் காலனிப் பிள்ளைகள் பலர் இன்று ஆர்வத்தோடு பயிலும் கருவி இது. மேடையில் அதன் ஓசையைக் கேட்கும் பெரியவர்களுள் பலரும் அதற்கு ஒரு வரலாறு உண்டு என்பதையோ, அவ்வரலாற்றைப் படிக்க ஒரு முறை உண்டு என்பதையோ அறிந்திரார். பழைய மின்கிட்டார் ஒன்று எந்த ஆண்டிற் பிறந்தது என்பதை அறிஞர் எவ்வாறு கண்டறிகின்றனர் என்பதை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

கருவி பிறந்த கதை

காந்தத்தின் அருகே உலோகம் அசைந்தால் கம்பிச் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். மைக்கேல் பாரடே 1831-ஆம் ஆண்டிற் கண்ட மின்தூண்டல் விதியின் பயன் இது. மின்கிட்டாருக்கு உயிர் தருவதும் இதுவே. எஃகுத் தந்தி அதிர்கிறது. அதன் கீழுள்ள காந்தச் சுருள் அவ்வதிர்வை மின்னோட்டமாக மாற்றுகிறது. ஒலிபெருக்கி அதனை மீண்டும் ஓசையாக்குகிறது. அச்சுருளைப் பிக்கப் என்பர்.

1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஜார்ஜ் போஷாம் என்பவரும் அடால்ப் ரிக்கன்பாக்கர் என்பவரும் சேர்ந்து, மடியில் வைத்து வாசிக்கும் மின்கிட்டார் ஒன்றை உருவாக்கினர். வட்ட உடலும் நீண்ட கைப்பிடியும் கொண்டிருந்தமையால் மக்கள் அதனை ‘வறுசட்டி’ என்றே அழைத்தனர். மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரிலிருந்த கிப்சன் நிறுவனம் 1936-இல் உட்குழிந்த உடலையுடைய மின்கிட்டாரை வெளியிட்டது. பின்னர், கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை நடத்திவந்த லியோ பெண்டர், குடைவில்லாத கெட்டிப் பலகையால் ஆகிய கிட்டாரை 1950-இல் விற்பனைக்குக் கொணர்ந்தார். 1952-இல் கிப்சன் நிறுவனம், புகழ்பெற்ற கலைஞர் லெஸ் பால் அவர்களின் பெயரால் பொன்னிறக் கிட்டார் ஒன்றை வெளியிட்டது. 1954-இல் பெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் தோன்றியது. இன்று பெருவிலை பெறும் பழங்கருவிகளுட் பல, இவ்விரு நிறுவனங்களும் 1950 முதல் 1965 வரை செய்தவையே.

எண்ணை மட்டும் நம்பலாமா?

கருவியின் ஆண்டை அறிய வேண்டுமெனில் அதன் மீதுள்ள வரிசை எண்ணைப் பார்த்தால் போதாதோ என்று கேட்கத் தோன்றும். போதாது என்பதே விடை.

பெண்டர் கருவிகளில் கழுத்து வேறு, உடல் வேறு. இரண்டும் நான்கு திருகாணிகளால் முடுக்கப்பட்டவை. 1950-களின் நடுப்பகுதியிலிருந்து 1976 வரை, அத்திருகாணிகள் செல்லும் தகட்டின்மீதே எண் பொறிக்கப்பட்டது. தகடுகள் பெட்டியிற் குவிந்து கிடந்தன. தொழிலாளி கைக்கு வந்ததை எடுத்து முடுக்கினார். எனவே சிறிய எண் பிந்திய கருவியிலும், பெரிய எண் முந்திய கருவியிலும் அமைந்துவிட்டன. தகட்டைக் கழற்றி வேறொன்றில் மாட்டுதலும் எளிது.

இதற்கு ஒரு சான்று கூறலாம். ஆங்கில இசைக்கலைஞர் டேவிட் கில்மர் தம் கிட்டார்களை 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க் நகரில் ஏலத்திற் கொடுத்தார். வந்த தொகையைச் சுற்றுச்சூழலுக்காக வழக்காடும் அறநிறுவனம் ஒன்றிற்கு வழங்கினார். அவற்றுள் 0001 என்னும் எண் பொறித்த வெண்ணிற ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றும் இருந்தது. அது 18,15,000 டாலருக்கு விலைபோயிற்று. எண்ணோ ஒன்று, ஆயினும் அது முதன்முதற் செய்யப்பட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் அன்று. அதற்கு முன்பே வேறு சில கருவிகள் செய்யப்பட்டிருந்தன. ஒன்று என்னும் எண்ணே முதன்மைக்குச் சான்றாகாதெனின், பிற எண்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

கிப்சன் நிறுவனத்தின் எண்கள் ஒரு காலத்தில் உண்மை கூறின. 1953 முதல் 1960 வரை, கெட்டிப்பலகைக் கிட்டார்களில் தலையின் பின்புறம் மையினாற் குத்திய எண்ணின் முதல் இலக்கமே ஆண்டைக் குறித்தது. 9 என்று தொடங்கினால் 1959 எனக் கொள்ளலாம். 1961 முதல் எண்கள் மரத்திற் பதியுமாறு அழுத்தப்பட்டன. அப்போதிலிருந்து குழப்பம் மிகுந்தது. 1960-களில் ஒரே எண் வெவ்வேறு ஆண்டுகளின் கருவிகளில் மீண்டும் மீண்டும் வந்தது. 1977-இல் எட்டு இலக்க முறை வந்த பின்னரே ஒழுங்கு திரும்பிற்று.

ஆதலின் எண் ஒரு சாட்சியே. அதுவே தீர்ப்பு ஆகாது.

மரம் கூறும் சான்று

எண்ணுக்கு அடுத்து மரத்தை வினவுதல் வேண்டும். பெண்டரின் தொடக்ககாலக் கிட்டார்களின் கழுத்து, ஒரே மேப்பிள் மரத்துண்டால் ஆனது. வீணையின் மெட்டுகள் மெழுகின்மீது பதிக்கப்படுவது போலன்றி, இதன் மெட்டுகள் கழுத்து மரத்திலேயே நேரே பதிக்கப்பட்டன. தந்திகளின் இழுவிசையால் கழுத்து வளையாதிருக்க உள்ளே ஓர் இரும்புக் கம்பி உண்டு. அதனைப் பின்புறமாகச் செலுத்தி, அவ்வாய்க்காலைக் கருநிற வால்நட் மரக்கீற்றால் அடைத்தனர். கழுத்தின் முதுகில் ஓடும் அக்கருங்கோடு அக்காலத்தின் அடையாளம்.

1959-ஆம் ஆண்டளவில் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்தின்மேல் ஈட்டி மரத்தாலான விரற்பலகை ஒட்டப்பட்டது. கம்பியை முன்புறமாகவே வைத்து மேலே பலகையை மூடியதால், முதுகிலிருந்த கருங்கோடு மறைந்தது. முதலிற் பலகை தடித்தது. அதன் அடிப்பக்கம் தட்டையானது. 1962-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து அடிப்பக்கம் வளைந்த மெல்லிய பலகை வந்தது. கழுத்தின் நுனியை உற்று நோக்கினால், இரு மரங்களும் சேரும் கோடு நேராக உள்ளதா, வில்போல் வளைந்துள்ளதா என்பது புலனாகும். அந்த ஒரு கோடே 1962-க்கு முன்னா, பின்னா என்பதை உரைத்துவிடும்.

உடலின் மரமும் மாறியது. 1956-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் ஆஷ் மரம். பின்னர்ப் பெரும்பாலும் ஆல்டர் மரம். வண்ணமும் அவ்வாறே. நடுவே பொன்மஞ்சளும் விளிம்பிற் கருமையுமாக இரு நிறம் பூசியவர்கள், 1958 முதல் இடையே செந்நிறத்தையும் சேர்த்தனர். தொடக்கத்தில் அச்செந்நிறச் சாயம் வெயிலுக்கு ஆற்றாது வெளிறிப்போயிற்று. எனவே இரு நிறம்போலத் தோன்றும் கருவியும் உண்மையில் மூன்று நிறம் பூசியதாக இருத்தல் கூடும். நிழல் பட்ட இடத்தைத் தேடிப் பார்த்தே முடிவு கூற வேண்டும்.

இவ்விடத்தில் நம் நாட்டோடு தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. முன்னர் விரற்பலகைக்குப் பிரேசில் நாட்டு ஈட்டி மரமே விரும்பப்பட்டது. 1960-களில் அது கிடைத்தற்கு அரிதாயிற்று. அமெரிக்கக் கிட்டார்த் தொழிலார் அப்போது இந்திய ஈட்டியின் பக்கம் திரும்பினர். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளர்வதும், தோதகத்தி என்றும் பெயர் வழங்குவதும் ஆகிய மரம் அது. 1992-இல் பிரேசில் ஈட்டியின் பன்னாட்டு வாணிகம் உடன்படிக்கையால் தடுக்கப்பட்டது. ஆதலின் விரற்பலகையின் மரம் எந்நாட்டது என்பதும் காலத்தைக் கூறும் சான்றாகிவிட்டது. உலகெங்கும் எண்ணற்ற கலைஞரின் விரல்கள் நம் மலைமரத்தின் மீதே நாள்தோறும் நடக்கின்றன என்பது நாம் அறிந்து மகிழத்தக்கதன்றோ?

கிப்சன் கருவிகளில் கழுத்து உடலோடு பசையால் ஒட்டப்பட்டது. அதனைக் கழற்றி மாற்றுதல் அரிது. அங்கே அளவுகளே சான்று. 1965-ஆம் ஆண்டில், தலையை ஒட்டித் தந்திகள் படியும் இடத்தில் கழுத்தின் அகலம் 1 11/16 அங்குலத்திலிருந்து 1 9/16 அங்குலமாகக் குறுகியது. தலை பின்னோக்கிச் சாயும் கோணமும் அதே காலத்தையொட்டி 17 பாகையிலிருந்து 14 பாகையாகக் குறைந்தது. எண்கள் குழம்பிய ஆண்டுகளில் அளவுகோலும் கோணமானியுமே துணை.

உள்ளே மறைந்த எழுத்துகள்

ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் திருகுகளின் அடியில் பொட்டென்ஷியோமீட்டர் என்னும் சிறு உறுப்பு உண்டு. அதனைச் செய்த நிறுவனம் அதன் முதுகில் ஓர் எண்ணைக் குத்தியிருக்கும். முதல் மூன்று இலக்கங்கள் செய்தவரைக் குறிக்கும். 304 எனில் ஸ்டாக்போல், 137 எனில் சி.டி.எஸ். எஞ்சியவை ஆண்டும் வாரமும். 137 6612 என்றிருந்தால், சி.டி.எஸ். நிறுவனம் 1966-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரத்திற் செய்தது என்று பொருள்.

இதனைப் படிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். உறுப்பு பிறந்த நாளுக்கு முன் கிட்டார் பிறந்திருக்க இயலாது. பின்னர் எத்துணைக் காலம் கழித்தும் பிறந்திருக்கலாம். பெண்டர் தொழிற்சாலை 1966-இல் இவ்வுறுப்புகளைப் பெருந்தொகையாக வாங்கி அடுத்த சில ஆண்டுகள்வரை பயன்படுத்திற்று. ஆகவே இவ்வெண் கீழெல்லையைக் காட்டுமேயன்றி மேலெல்லையைக் காட்டாது.

ஒட்டுச் சீட்டுகளும் பேசும். கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர், இரைச்சலைத் தடுக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பை உருவாக்கி, 1955-இல் உரிமத்திற்கு விண்ணப்பித்தார். 1957 முதல் கிட்டார்களில் இடம்பெற்ற அதன் அடியில், உரிமத்திற்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது என்னும் சிறு சீட்டு ஒட்டப்பட்டது. 1959-இல் உரிமம் கிடைத்தது. ஆயினும் பழைய சீட்டு 1962 வரை தொடர்ந்தது. பின்னர் உரிம எண் பொறித்த சீட்டு வந்தது. வியப்பு யாதெனில், அதில் அச்சிட்ட 2,737,842 என்னும் எண் அப்பிக்கப்பிற்கு உரியதே அன்று. லெஸ் பால் பெற்ற தந்தி தாங்கி ஒன்றிற்கு உரியது. போட்டியாளரைத் திசைதிருப்பவே இவ்வாறு செய்தனர் என்பாரும் உளர். எவ்வாறாயினும், அப்பிழையே இன்று காலத்தைக் காட்டும் குறியாகப் பயன்படுகிறது.

பெயர்ச் சீட்டின் கதை ஒன்றும் உண்டு. பெண்டரின் தொடக்கக் கிட்டாருக்கு ‘பிராட்காஸ்டர்’ என்று பெயரிட்டனர். ஏறக்குறைய அதே பெயரில் மேளம் விற்ற கிரெச் நிறுவனம் 1951-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆட்சேபம் தெரிவித்தது. புதுப்பெயர் முடிவாகும்வரை காத்திராமல், கையிலிருந்த சீட்டுகளிற் பிராட்காஸ்டர் என்னும் சொல்லை வெட்டியெறிந்து, பெண்டர் என்னும் பெயரை மட்டும் ஒட்டி விற்றனர். பின்னர் ‘டெலிகாஸ்டர்’ என்னும் பெயர் வந்தது. பெயரின்றிப் போன கருவி 1951-ஆம் ஆண்டின் சில மாதங்களுக்கு உரியது. பெயரின்மையே அதற்குப் பெருமை ஆகிவிட்டது.

கைகள் எழுதிய வரலாறு

இத்துணைச் சான்றுகளினும் ஆய்வாளர் பெரிதும் மதிப்பது ஒன்று உண்டு. பெண்டர் கிட்டாரின் கழுத்தைக் கழற்றினால், வெளியே தெரியாத அடிப்பகுதியில் பென்சிலால் எழுதிய தேதி இருக்கும். 1950-களின் கருவிகள் பலவற்றில் தேதியோடு ‘டீ.ஜி.’ என்னும் இரண்டெழுத்தும் காணப்படும். அவை கழுத்துக்கு வடிவு கொடுத்த தொழிலாளி டேடியோ கோமஸ் என்பவரின் முதலெழுத்துகள். உடலின் குழிவினுள் ஒட்டிய காகித நாடாவில் ‘மேரி’ என்றும் ‘குளோரியா’ என்றும் பெண்களின் பெயர்கள் இருக்கும். கம்பிகளைப் பற்றவைத்துக் கருவியை முடித்த கைகளுக்கு உரிய பெயர்கள் அவை. 1956-இல் அத்தொழிற்சாலையிற் சேர்ந்த அபிகெய்ல் யபார்ரா என்னும் அம்மையார், பிக்கப்பில் மயிரினும் மெல்லிய செம்புக்கம்பியைச் சுற்றும் வேலையில் தேர்ந்து, 2013 வரை பணியாற்றினார். அவர் கையாற் சுற்றிய பிக்கப்புகளைத் தேடி வாங்குவோர் இன்றும் உளர்.

புல்லர்டன் தொழிற்சாலையில் மெக்சிகோ வழிவந்த குடும்பத்தினர் பலர் உழைத்தனர். அவர்களுடைய படங்கள் விளம்பரங்களில் வரவில்லை. மேடையில் அவர்கள் பெயரை எவரும் கூறவில்லை. அவர்கள் எழுதியதும் புகழுக்காக அன்று. எந்தத் துண்டு எப்போது முடிந்தது, எவர் முடித்தார் என்று அன்றைய வேலைக்கணக்குக்காக எழுதினர். அந்தக் கணக்கே இன்று இலட்சக்கணக்கான டாலர் மதிப்புள்ள கருவிகளின் பிறப்புச் சான்றிதழாக நிற்கிறது. நிறுவனத்தின் எண் ஐயத்திற்கு இடமாயிற்று. தொழிலாளியின் பென்சில் எழுத்தோ நம்பிக்கைக்கு உரியதாயிற்று.

நம் தாய்மார்கள் பித்தளைத் தவலையிலும் எவர்சில்வர் குடத்திலும் பெயரும் நாளும் வெட்டி வைப்பதை இதனோடு ஒப்பிடலாம். அடுத்த வீட்டுப் பாத்திரத்தோடு மாறிவிடாதிருக்கவே பெயர் வெட்டினர். ஐம்பது ஆண்டு கழித்துப் பேத்தி அதனைத் துலக்கும்போது, அதுவே பாட்டியின் திருமண நாளைக் கூறும் கல்வெட்டு ஆகிவிடுகிறது. ஊர்விட்டு ஊர் வந்து குடியேறிய நமக்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

மெய்யும் போலியும்

1958 முதல் 1960 வரை கிப்சன் நிறுவனம் செய்த செவ்வொளி வண்ண லெஸ் பால் கிட்டார்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. அன்று அவை நன்கு விற்கவில்லை. 1961-இல் வடிவையே மாற்றிவிட்டனர். பின்னாளிற் கலைஞர் பலர் அவற்றை நாடியதால் விலை வானளாவ உயர்ந்தது. விலை உயர்ந்த இடத்திற் போலியும் புகுந்தது. 1950-களின் பொன்னிறக் கிட்டாரின் வண்ணத்தைச் சுரண்டிச் செவ்வொளி வண்ணம் பூசி விற்போரும் தோன்றினர். வாழ்நாட் சேமிப்பைக் கொடுத்து வாங்கும் கலைஞனுக்கு இது பேரிழப்பு.

இதற்கு மருந்து யாது? ஒரு சாட்சியை மட்டும் கேளாமை. எடுத்துக்காட்டாக ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டரை எண்ணிப் பார்ப்போம். தகட்டில் ‘எல்’ என்னும் எழுத்தோடு தொடங்கும் எண் உள்ளது. எனவே 1962-இன் இறுதி முதல் 1965 வரை என்று ஓர் எல்லை கிடைக்கிறது. கழுத்தின் அடியில் ‘2 மார்ச் 63 பி’ என்று மையிற் குத்தியுள்ளது. இதனை மார்ச் 2-ஆம் நாள் எனப் படிப்பது பலரும் செய்யும் பிழை. 2 என்பது ஸ்ட்ராட்டோகாஸ்டருக்குரிய குறியெண். பி என்பது கழுத்தின் அகலத்தைக் குறிப்பது. மாதமும் ஆண்டுமே காலம். பொட்டென்ஷியோமீட்டரில் 304 6248 என உள்ளது. 1962-ஆம் ஆண்டின் 48-ஆவது வாரம். விரற்பலகையின் அடி வளைந்துள்ளது, 1962-க்குப் பிற்பட்டது. விரற்பலகைப் புள்ளிகள் களிமண் போன்ற மங்கல் நிறத்தன. 1964-இன் இறுதியில் முத்துப் போன்ற பளபளப்புப் புள்ளிகள் வருவதற்கு முற்பட்டது. தலை சிறியது, 1965-இன் பிற்பகுதியிற் பெரிதாவதற்கு முந்தியது. சாட்சிகள் அனைவரும் ஒருமுகமாக 1963 என்கின்றனர். இவர்களுள் ஒருவர் மட்டும் 1971 என்றால், அவ்வுறுப்பு பின்னர் மாற்றப்பட்டது என்று உணரலாம். பற்றாசு வைத்த இடங்கள் மீண்டும் உருக்கப்படாமல் உள்ளனவா என்றும் நோக்க வேண்டும். புற ஊதா விளக்கின் ஒளியில் பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். புதிதாகப் பூசிய இடம் அவ்வாறு ஒளிராமற் காட்டிக்கொடுக்கும்.

1965-ஆம் ஆண்டு ஜனவரியில் பெண்டர் நிறுவனம் சி.பி.எஸ். என்னும் பெருநிறுவனத்திற்கு 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. பின்னர் உறுப்புகள் ஒவ்வொன்றாக மாறின; 1960-களின் இறுதியில் நைட்ரோசெல்லுலோஸ் நீங்கிப் பாலியெஸ்டர்ப் பூச்சும், 1970-களின் தொடக்கத்தில் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு மூன்று திருகாணிக் கழுத்தும் வந்தன. ஒரு தொழிலின் உடைமை மாறிய வரலாறு, திருகாணியின் எண்ணிக்கையிலும் பதிந்துள்ளது.

நிறைவுரை

நம் இல்லத்து இளைஞர் பழைய கிட்டார் ஒன்றை வாங்கச் செல்லும்போது விற்பவர் சொல்லையும் எண்ணையும் மட்டும் நம்பாது, கழுத்தின் அடியையும் உள்ளுறுப்புகளையும் காட்டுமாறு கேட்பாராக. வீட்டிலுள்ள பழங்கருவி கிட்டாராயினும், வீணையாயினும், வயலினாயினும், அழகுக்காகப் புதுவண்ணம் பூசுவதும் பழைய உறுப்பை எறிவதும் தகா. மாற்ற நேர்ந்த உறுப்பையும் ஓர் உறையிலிட்டுக் கருவியோடு வைத்தல் நன்று. உள்ளே ஒட்டிய சீட்டையும் மங்கிய எழுத்தையும் துடைத்துவிடற்க.

கோயிலிற் கல்வெட்டுப் பொறித்தோர் பிற்காலத்தார் படிக்க வேண்டும் என்றே பொறித்தனர். டேடியோ கோமஸ் அவ்வாறு கருதி எழுதவில்லை. அன்றைய வேலை முடிந்தது என்று எழுதினார். அவர் எழுத்தையும் நாம் இன்று படிக்கின்றோம்.